கோயில் தெருவும் என் பின் சக்கரமும்

எங்கள் ஊரில் முதன்முதலாக சிமெண்ட் ரோடு போட்டது கோயில் தெருவுக்குத்தான். சின்ன வயதில் அப்பாவின் சைக்கிள் முன்பாரில் உட்கார்ந்து போவேன். எங்கள் தெருவின் குண்டு குழியை எல்லாம் அவர் மிதித்தே கடந்துவிடுவார். தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி கோயில் தெரு தொடங்குகிற இடத்தில் மட்டும் இறங்குவார். என்னையும் இறக்கிவிடுவார். அவர் உருட்டிக்கொண்டு வர, நான் பக்கத்தில் நடப்பேன். தெரு முடிந்து மந்தைத் திடலைத் தாண்டியதும் மறுபடி ஏறிக்கொள்வோம். அந்த இடத்தில் ரோடு சரியில்லை போலிருக்கிறது என்று நான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். ஊரிலேயே நல்ல ரோடு அதுதான் என்பது கண்ணுக்கு எதிரே இருந்தும் எனக்கு உறைக்கவில்லை. அப்பா இறங்கினால் அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று நினைக்கிற வயது அது.

ஊர் பெயரைச் சொல்லப் போவதில்லை. பயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். பெயரைச் சொல்லிவிட்டால் சுற்றி இருக்கிற ஊர்க்காரர்கள் எல்லாம் 'நல்லவேளை, நாம இல்ல' என்று நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார்கள். அந்த நிம்மதியைக் கொடுக்க எனக்கு மனசில்லை. கீழக்குயில்குடி மலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்கிற ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மலை ரொம்பத் தூரத்துக்குத் தெரியும்.

எங்கள் ஆட்கள் கோயில் தெருக்காரர்களின் வயலில் கூலி வேலை பார்த்தவர்கள். அப்பா காலத்தில்தான் கம்மாய்க்குக் கீழே ஒரு துண்டு நிலம் சொந்தமாக வந்தது. இன்றைக்கு எங்கள் தெருவில் நர்ஸ் இருக்கிறார், பஸ் டிரைவர் இருக்கிறார், காலேஜில் பாடம் நடத்துகிறவர் இருக்கிறார். சைக்கிளைவிட்டு இறங்கு என்று இப்போது யாரும் யாரிடமும் சொல்வதில்லை. கோயில் தெருவில் போய்க் கேட்டுப் பாருங்கள், 'அதெல்லாம் அந்தக் காலம், இப்ப யாரு இறங்கச் சொல்றா' என்று மோர் கொடுத்து அனுப்புவார்கள். உண்மைதான், யாரும் சொல்வதில்லை. ஆனாலும் இறங்குகிறார்கள்.

எங்கள் தெருப் பையன்கள் மோட்டார் பைக்கை முறுக்கிக்கொண்டு போய்விடுவார்கள். முகத்தைப் பார்ப்பதற்குள் வண்டி மந்தையைத் தாண்டிவிடும். சைக்கிள் அப்படியில்லை. மெதுவாகப் போகும். யார் மகள், யார் மருமகள் என்று தெரியும். பள்ளிக்கூடம் போகிற எங்கள் தெருப் பெண்பிள்ளைகள் தண்ணீர்த் தொட்டி வந்ததும் ஏதோ பேச்சு சுவாரசியத்தில் இறங்குவதுபோல இறங்கி, சிரித்துப் பேசிக்கொண்டே உருட்டுவார்கள். மந்தை தாண்டியதும் அந்தப் பேச்சு நின்றுபோகும்.

அப்பா போன பிறகு அம்மா தனியாகிவிட்டதால், டவுனுக்குள் தல்லாகுளத்தில் நான் இருந்த வாடகை ரூமைக் காலி செய்துவிட்டு ஊருக்கே வந்தேன். தல்லாகுளத்தில் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப் அடிக்கிற வேலை. நாற்பதை நெருங்குகிறாயே, கல்யாணம் என்ன ஆச்சு என்று கேட்கிறவர்களுக்கு இங்கே பதில் கிடையாது. வீட்டிலிருந்து மெயின் ரோட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தால் நேரம் பிடிக்கிறது என்று ஒரு சைக்கிள் வாங்கினேன். ஸ்கூட்டி வாங்கச் சொன்னார்கள். எனக்குச் சைக்கிள்தான் பிடிக்கும். அதற்குமேல் விளக்கம் சொல்ல எனக்குத் தெரியாது.

பஸ் ஸ்டாப்புக்கு இரண்டு வழி. ஒன்று கோயில் தெரு, நேர் வழி. இன்னொன்று கம்மாய்க்கரை மேலே சுற்றிப் போகிற மண் பாதை. எங்கள் தெருப் பெண்கள் நிறையப் பேர் கரையில்தான் போவார்கள். நான் முதல் நாளே கோயில் தெருவில் மிதித்துப் போனேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, அவசரம், கவனிக்கவில்லை என்றெல்லாம் சொல்லலாம். சொன்னால் அது பொய். இறங்கக் கூடாது என்று சைக்கிள் வாங்கின அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன்.

மந்தையில் ஒரு நாடகமேடை உண்டு. திருவிழாவுக்கு நாடகம் போட்ட காலம் போய், இப்போது காலையில் பேப்பர் படிக்கிறவர்கள் உட்காருகிற இடம். அதில் ஒரு பெரியவர் சில நாள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒருநாள் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஏம்மா, நீ அந்தப் புல்லுக்கட்டுக்காரன் மக தான?"

"ஆமாங்கய்யா."

"ஒங்கப்பன் மருவாத தெரிஞ்ச ஆளு. அம்புட்டு வருசத்துல ஒரு நா இந்தத் தெருவுல மிதிச்சதில்ல."

"ஆமாங்கய்யா. குடுத்துக் குடுத்து அம்புட்டு மருவாதையும் அவரோடயே தீந்துபோச்சு. எங்கிட்ட மிச்சமில்ல."

ஒரு காலை மட்டும் தரையில் ஊன்றி, சீட்டில் உட்கார்ந்தபடியே சொன்னேன். சொல்லிவிட்டு மிதித்தேன். பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுக்க எடுத்த சில்லறையைக் கீழே கொட்டினேன்.

சாயங்காலம் நான் வீடு வருவதற்குள் பேச்சு அம்மாவிடம் வந்து சேர்ந்துவிட்டது. அம்மா அடுப்படியில் இருந்து வெளியே வரவே இல்லை. உள்ளே இருந்தபடியே கேட்டார்.

"என்னத்தா சொன்ன அவுகள?"

"கேட்டாரு, சொன்னேன்."

"கம்மாக்கரை என்ன தேஞ்சா போச்சு? நா காலம்பூரா அதுலதேன் போனேன், வந்தேன். எனக்கு என்ன கொறஞ்சுபோச்சு?"

என்ன குறைந்தது என்று என்னால் சொல்லியிருக்க முடியும். அம்மாவைப் பார்த்து அதைச் சொல்ல வாய் வரவில்லை. அவர்மேல் கோபமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. சோற்றைப் போட்டுக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்து தின்றேன்.

பஸ் ஸ்டாப்பில் டீக்கடை ஓரத்து விளக்குக் கம்பத்தில் சைக்கிளைச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டு வேலைக்குப் போவது வழக்கம். ஒருநாள் சாயங்காலம் பஸ்ஸைவிட்டு இறங்கினால் பின் சக்கரம் அப்பளம் மாதிரி நெளிந்து கிடந்தது. டீக்கடைக்காரர் பால் சட்டியைவிட்டுக் கண்ணை எடுக்காமல், "லாரிக்காரன் ரிவர்ஸ் எடுத்தான் போலக்கா" என்றார். சக்கரத்தின் போக்ஸ் கம்பிகளில் செருப்பு மண் அப்பியிருந்தது. செருப்புப் போட்ட லாரியை நான் பார்த்ததில்லை.

யார் என்று எனக்குத் தெரியும். போலீஸில் சொல்ல வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நான் வக்கீல் ஆபீஸில் வேலை பார்க்கிறவள். இதுமாதிரி மனுக்களை அடித்து அடித்து என் விரல் தேய்ந்திருக்கிறது. தேவைப்பட்டால் எனக்கும் ஒன்று அடித்துக்கொள்வேன், அதற்கு யாரிடமும் உத்தரவு கேட்க மாட்டேன். ஆனால் மனு நடக்கிறபோது நடக்கட்டும், மறுநாள் காலையில் அந்தத் தெருவில் மிதித்துப் போக எனக்கு ஒரு சக்கரம் வேண்டும். அதுதான் அப்போதைய பிரச்சினை.

மந்தை மூலையில் ஒரு சைக்கிள் கடை. கடைக்காரர் கோயில் தெருவில்தான் குடியிருக்கிறார். பஞ்சர் என்றால் எங்கள் சைக்கிளுக்கும் ஒட்டிக் கொடுப்பார், அதில் குறை சொல்ல மாட்டேன். சக்கரத்தைக் கையில் வாங்கிச் சுற்றிப் பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"கோட்டம் எடுக்கணும்மா. வச்சுட்டுப் போ. நாளைக்கு வா."

சக்கரத்தை ஆணியில் மாட்டினார். மறுநாள் போனேன், நாளைக்கு என்றார். அதற்கு மறுநாளும் நாளைக்குத்தான். மற்றவர்கள் சக்கரங்கள் அந்த ஆணிகளுக்கு வந்து வந்து போயின, என்னுடையது மட்டும் நெளிந்தபடியே தொங்கியது. முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். நாளைக்கு என்கிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது. அந்த நாட்களில் கோயில் தெருவில் நடந்துதான் போனேன். நடப்பதற்கு யாருக்கும் ஆட்சேபணை இல்லை. மேடையில் உட்கார்ந்திருந்தவர்கள் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது. அந்தத் திருப்தியைப் பார்த்ததும் நேரே கடைக்குப் போய் ஆணியிலிருந்து சக்கரத்தை நானே கழற்றிக்கொண்டேன்.

"என்னம்மா, அப்படி என்ன அவசரம்?" என்றார் கடைக்காரர்.

"நாளைக்குச் சொல்றேண்ணே."

அந்தச் சக்கரத்தோடு டவுன் பஸ்ஸில் ஏறினேன். "யக்கா, சக்கரம் மட்டும் ஏறுது, வண்டி எங்க?" என்றார் கண்டக்டர். "வண்டி பின்னால வருது" என்றேன். பஸ்ஸே சிரித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் தன் சேலையில் கறை படும் என்று ஒதுங்கி, பிறகு பாவம் பார்த்து ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

கோரிப்பாளையத்தில் தர்காவுக்குப் பின்னால் ஒரு சந்தில் பாய் ஒருவர் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். சக்கரத்தை ஸ்டாண்டில் மாட்டி, ஒரு விரலால் தள்ளிவிட்டு, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். கம்பி திருகுகிற சின்னச் சாவியை எடுத்து இங்கே ஒரு திருகு, அங்கே ஒரு திருகு. நான் வாங்கின டீ ஆறுவதற்குள் சக்கரம் ஆடாமல் அசையாமல் சுற்றியது. மறுநாள் கோயில் தெருவில் மணியடித்துக்கொண்டு போனேன். மணி அடிக்கத் தேவையே இல்லை, எதிரே ஆள் யாரும் இல்லை.

மறுபடி மிதித்து நெளித்தார்கள். மறுபடி கோரிப்பாளையம் போனேன்.

"என்னம்மா, ரோட்டுல ஓட்டுறியா, செவுத்துல ஏத்துறியா?" என்று கேட்டார் பாய்.

நடந்ததைச் சொன்னேன். அவர் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப மறுபடியும் வருவ" என்றார்.

"வருவேன் பாய்."

"வேற பாதை இருக்குல்லம்மா?"

நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். ஆனால் எனக்கு அவர்மேலும் கோபம் வந்துவிட்டது. "அந்தச் சாவி விலைக்குக் கெடைக்குமா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "இது கையில வரணும்மா. எங்கத்தா, அதான் எங்கப்பா, என்னய அடிச்சு அடிச்சுத்தேன் எனக்கே வந்துச்சு. நீ திருகுனா கம்பிதேன் ஒடையும்."

"அப்ப கம்பியும் ஒரு கட்டு குடுங்க."

சாவியும் கொடுத்தார், என் சக்கரத்து அளவுக்குக் கம்பியும் அதன் முனையில் மாட்டுகிற நிப்பிளும் கொடுத்தார். சொல்லிக் கொடுக்கவெல்லாம் இல்லை. எனக்குப் பின்னால் ஆட்கள் நின்றார்கள், அவருக்கு வேலை கிடந்தது. "செயின் மாட்டுற ஃப்ரீவீல் பக்கத்துக் கம்பி ஒடஞ்சா இங்க கொண்டா, அதக் கழட்ட ஒங்கிட்ட சாமான் கெடையாது" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த முறை இரும்புக் கம்பியை உள்ளே விட்டு நெம்பியிருந்தார்கள். நெளிவு போதாது என்று போக்ஸ் கம்பிகளும் உடைந்து தொங்கின. ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிளை எங்கள் வாசலில் தலைகீழாக நிறுத்தினேன். உடைந்த கம்பிகளை எடுத்துப் புதுசு கோத்தேன். அதுவரைக்கும் நல்லாத்தான் போனது. அதற்குப் பிறகு நான் செய்தது, கோபக்காரி மட்டுமே செய்யக்கூடிய காரியம். எல்லாக் கம்பியையும் இறுக்கினேன். இறுக்கினால் பலம் என்று எண்ணம். பல்லைக் கடித்துக்கொண்டு, கம்பிக்கு ஓர் ஆளாக மனசில் நினைத்துக்கொண்டு இறுக்கினேன். மேடைப் பெரியவர் ஒரு கம்பி. லாரியைப் பார்த்த டீக்கடைக்காரர் ஒரு கம்பி. நாளைக்கு வரச் சொன்னவருக்குப் பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளாக நிறைய. முடித்துவிட்டுச் சுற்றினால் சக்கரம் முட்டை வடிவத்தில் எழுந்து எழுந்து விழுந்தது. ஒரு கம்பியின் முனை நிப்பிளைத் தாண்டிப் போய் ட்யூபைக் குத்தி, காற்று உஸ்ஸென்று இறங்கியது. எதிர்வீட்டுச் சித்தி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார்.

அழாமல் இருந்தேன் என்று சொல்ல மாட்டேன். அழுதுவிட்டு மறுபடி எல்லாவற்றையும் தளர்த்தினேன். போனில் தேடினால், எங்கேயோ குளிர் தேசத்தில் ஒருத்தர் பளபளப்பான ஸ்டாண்டில் சக்கரத்தை மாட்டிக்கொண்டு குழந்தைக்குச் சோறூட்டுகிற மாதிரிப் பேசுகிறார். ஸ்டாண்டுக்கு நான் எங்கே போவது. சைக்கிளின் பின்பக்க ஃபோர்க்கே ஸ்டாண்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் வாங்கின சாக்பீஸே அளவுகோல். சாக்பீஸை ஃபோர்க்கோடு சேர்த்துப் பிடித்துச் சக்கரத்தைச் சுற்றினால், கோட்டம் இருக்கிற இடத்தில் மட்டும் ரிம்மில் வெள்ளைக் கோடு விழும். இடது பக்கம் தள்ளியிருந்தால் அந்த இடத்து இடது கம்பியைக் கொஞ்சம் தளர்த்தி, வலது கம்பியைக் கொஞ்சம் இறுக்க வேண்டும். கொஞ்சம் என்றால் கால் திருகு. சக்கரம் தலைகீழாக இருப்பதால் எந்தப் பக்கம் திருகினால் இறுகும் என்பதே குழம்பும். இதில் வாழ்க்கைக்கு ஏதோ பாடம் இருக்கிறது என்று யாராவது ஆரம்பித்தால் சாவியை எடுத்து எறிவேன். நான் சைக்கிள் சக்கரத்தைப் பற்றித்தான் பேசுகிறேன்.

அம்மா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நான் செய்கிற எதையும் பார்ப்பதில்லை என்று சபதம் போட்டிருந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். கம்பிகள் ஒரே இறுக்கத்தில் இருக்கின்றனவா என்று பார்க்க விரலால் ஒவ்வொன்றாகச் சுண்டிக்கொண்டே வந்தேன். திரும்பாமலேயே அம்மா சொன்னார்.

"அந்தா, அது மட்டும் தொங்கலாக் கேக்குது."

"எது?"

"இப்பத் தட்டுனியே, அதுக்கு முந்துனது."

சுண்டிப் பார்த்தேன். எனக்கு எல்லாம் ஒரே சத்தமாகத்தான் கேட்டது. சாவியைப் போட்டுப் பார்த்தால் அந்தக் கம்பி உண்மையிலேயே தளர்ந்திருந்தது. நடவு வயலில் குலவை போடும்போது அத்தனை பேரில் யார் தொண்டை இறங்கியது என்று கண்டுபிடித்துத் திட்டுகிறவர் அம்மா.

"நா ஒனக்காகச் சொல்லல," என்றார். "காதுல விழுந்துச்சு, சொன்னேன். அம்புட்டுத்தேன்."

அதற்குப் பிறகு எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் அப்படித்தான் போயின. அவர்களுக்கு ஓர் உதை, எனக்கு ஒரு காலைப்பொழுது. உடைக்கிறவன் களைப்பானா, நிமிர்த்துகிறவள் களைப்பாளா என்று பார்த்துவிடலாம் என்று ஒரு வெறி வந்துவிட்டது எனக்கு. சைக்கிளை வேறு இடத்தில் பூட்டலாமே என்றார்கள், அதே கம்பத்தில்தான் பூட்டினேன். உள்ளுக்குள் பயமும் இருந்தது. அடி விழும் என்கிற பயம் இல்லை. என்றைக்காவது ஒருநாள் சலித்துப்போய், இன்றைக்கு மட்டும் என்று கரைப்பாதையில் சைக்கிளைத் திருப்பிவிடுவேனோ என்று என்னைப் பற்றியே ஒரு பயம். ஒருநாள் திருப்பினால் முடிந்தது கதை. அதற்குப் பிறகு எங்கள் தெருவில் யாரும் அந்தத் தெருவில் மிதிக்க நினைக்கவே மாட்டார்கள்.

எனக்குச் சக்கரம் நிமிர்த்தத் தெரியும் என்று தெரிந்ததும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் தங்கள் சைக்கிள்களைக் கொண்டுவந்தார்கள். ஆடுகிற சக்கரம், உரசுகிற சக்கரம், கம்பி போன சக்கரம். எல்லாவற்றையும் நேராக்கிக் கொடுத்தேன். மறுநாள் பார்த்தால் அதே சக்கரங்களைத் தண்ணீர்த் தொட்டியில் இருந்து உருட்டிக்கொண்டு போகிறார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

"உருட்டுறதுக்கு எதுக்குடி கோட்டம் எடுக்கணும்?" என்று கத்திவிட்டேன்.

பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். "அதுகள வையாத," என்றார் அம்மா. "அதுகளுக்கும் ஆத்தா அப்பன் இருக்காக. இன்னமும் கோயில் தெருக்காரவுக வயல்லதேன் வேலைக்குப் போறாக." அம்மா சொன்னது சரி. ஆனாலும் அன்றைக்கு முழுவதும் என் மனசு ஆறவில்லை.

ஐப்பசி மழை அந்த வருஷம் கொட்டித் தீர்த்தது. கம்மாய் நிறைந்து, கரைப்பாதை முழங்கால் அளவுக்குச் சேறாகிவிட்டது. அதே சமயத்தில் அம்மாவின் வலது முட்டி தேங்காய் அளவுக்கு வீங்கியது. காலை மடக்கவும் முடியவில்லை, நீட்டவும் முடியவில்லை. கோரிப்பாளையத்து ஆஸ்பத்திரியில் ஊசி போடக் காலையிலேயே வந்துவிடச் சொல்லியிருந்தார்கள். மெயின் ரோட்டு ஆட்டோக்காரர் ஒருத்தர் இதோ வாரேன் என்றார். பிறகு போனை எடுக்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

"நடந்துருவேன்" என்று எழுந்த அம்மா, சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"கேரியர்ல உக்காரும்மா. நா மிதிக்கிறேன்."

"எதுல? கோயில் தெருவுலயா?" அம்மா கண்ணில் பயம் அப்பட்டமாகத் தெரிந்தது. "வேணாந்தா. ஒன்னக் கையெடுத்துக் கும்புடுறேன். நா ஊசி போடாமயே கெடக்கேன்."

அந்த முட்டியோடு கிடக்கிறேன் என்கிறார். நான் தோற்றுப்போனேன். தண்ணீர்த் தொட்டி வரைக்கும் மிதிக்கிறேன், அங்கே இறங்கிக்கொள், தெருவில் நான் சைக்கிளை உருட்டுகிறேன், என் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்துவா, மந்தை தாண்டி ஏறிக்கொள்ளலாம் என்று சொன்னேன். அத்தனை மாதத்தில் உருட்டுகிறேன் என்ற வார்த்தை என் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. சொல்லும்போதே நாக்கு கசந்தது. அம்மா சரி என்றார்.

பின் சக்கரத்தை முந்தின நாள்தான் நிமிர்த்தியிருந்தேன். புதுக் கம்பிகள், இன்னும் பாரம் பார்க்காதவை. அம்மா ஒருபக்கமாகக் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்ததும் சக்கரம் கிறீச்சென்றது. எங்கள் தெருவின் பள்ளங்களில் மெதுவாக விட்டு விட்டு ஓட்டினேன். தண்ணீர்த் தொட்டி வந்தது. நிறுத்தினேன். நான் இறங்கி ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அம்மா இறங்கினார். சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஓரடி எடுத்து வைத்தார், உதடு கோணிக்கொண்டது. தெருவை ஒருமுறை நீளமாகப் பார்த்தார். காலை நேரம், வாசலில் கோலம் போடுகிறவர்கள் இருந்தார்கள். தூரத்தில் மேடையில் பேப்பர் விரித்திருந்தது. அம்மா திரும்பி மறுபடி கேரியரில் உட்கார்ந்துகொண்டார்.

"என்னால ஆகல."

"சரிம்மா. நீ உக்காரு, நா உருட்டுறேன்."

"நீ உருட்டி, நா மேல உக்காந்து போனா சாமி ஊர்வலம் மாதிரி இருக்கும். ஏறுத்தா."

ஏறினேன். சிமெண்ட் ரோட்டில் சக்கரம் வழுக்கிக்கொண்டு போனது. அம்மாவின் கை என் இடுப்புத் துணியைச் சுருட்டிப் பிடித்திருந்தது. அவர் மூச்சுவிடுவது என் முதுகில் தெரிந்தது. கோலம் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்துவிட்டு, கையில் மாவோடு அப்படியே நின்றாள். கோயிலைத் தாண்டினோம். யாரும் மறிக்கவில்லை. இவ்வளவுதானா என்றுகூட எனக்குத் தோன்ற ஆரம்பித்தது.

மேடைக்கு நேராகப் போகும்போது டங்கென்று ஒரு சத்தம். ஒரு கம்பி போய்விட்டது. சக்கரம் உடனே ஒருபக்கம் சாய்ந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் ரிம் பிரேக் கட்டையில் போய் உரசி, சர்க் சர்க் என்று தெருவுக்கே கேட்டது.

பெரியவர் பேப்பரைத் தாழ்த்தினார். "ஏம்மா, கம்பி ஒடஞ்சுபோச்சு. இறங்கி உருட்டு. ரிம்மு போயிரும்."

அவர் சொன்னது தப்பே இல்லை. சைக்கிள் தெரிந்த யாரும் அதைத்தான் சொல்வார்கள். கம்பி ஒடிந்தால் ஏறி மிதிக்காதே, மிச்சக் கம்பிகளில் பாரம் ஏறி ஒவ்வொன்றாகப் போகும் என்று எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு நானே சொல்லியிருக்கிறேன். அதுவும் பின்னால் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கும்போது. என் விரல் தானாகப் பிரேக்குக்குப் போனது. கால் பெடலைவிட்டு எழுந்தது.

"நிப்பாட்டாத" என்றார் அம்மா.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் மேடைக்குக் கேட்கும்படித்தான் சொன்னார்.

"சக்கரம் போயிரும்மா."

"போனாப் போகுது. நீதேன் சரி பண்ணுவேல்ல. மிதி."

மிதித்தேன். மந்தையைத் தாண்டுவதற்குள் இன்னொரு கம்பியும் போனது. அம்மா இறங்கவில்லை.